வீடே பள்ளி என்பவர்களிடம் சில கேள்விகள்

முற்போக்கு நண்பர்கள் நடுவில் 'ஹோம் ஸ்கூலிங்' பற்றிய பேச்சு கூடிக்கொண்டே வருகிறது. பள்ளிக்கூடம் குழந்தையை மதிப்பெண் இயந்திரமாக்குகிறது, கேள்வி கேட்கும் குணத்தைக் கொல்கிறது, அதனால் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம் என்கிறார்கள். பள்ளி மீதான இந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. எனக்கும் அந்த யோசனை வந்துசேர்ந்தது: "ஆய்வேடு எழுதிக்கிட்டு வீட்லதான இருக்கீங்க, பாப்பாவுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கலாமே?"

இந்த ஒரு வரியில் இரண்டு விஷயங்கள் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கின்றன. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வேலை இல்லை என்பது ஒன்று. வீடு சாதிக்கு வெளியே இருக்கும் இடம் என்பது மற்றொன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஏழு வயதுக் குழந்தைக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரமாவது வேண்டும். அது யாருடைய நேரம்? பெரும்பாலும் அப்பாவின் வேலை நிற்பதில்லை, அம்மாவின் ஆய்வோ வேலையோதான் நிற்கிறது. அம்மாவின் வேலையும் தொடர்ந்தால், பாத்திரம் கழுவவும் சமைக்கவும் இன்னொரு பெண் அந்த வீட்டுக்கு வருகிறார். அவருடைய பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? மாநகராட்சிப் பள்ளியில்தான். காலை உணவும் அங்கேதான், மதிய உணவும் அங்கேதான். 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம் என்று ஒரு நூற்றாண்டாகக் கட்டப்பட்ட ஏற்பாடு இது. உழைக்கும் பெண்கள் வேலையையும் குடும்பத்தையும் சேர்த்துச் சுமக்க முடிகிறது என்றால் அதற்குப் பள்ளிக்கூடம் முக்கியமான காரணம்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீடு என்ற யோசனையைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அதைக் குலக்கல்வி என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தார் பெரியார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இன்றைய வீட்டுக்கல்வி நண்பர்கள் ராஜாஜியின் நோக்கம் கொண்டவர்கள் அல்லர். ஆனால் கணக்கு ஒன்றுதான்: வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கு. மூன்று தலைமுறைப் பட்டங்களும் அலமாரி நிறையப் புத்தகங்களும் உள்ள வீட்டில் அது சுதந்திரமாகத் தெரியும். என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். என்னை வீட்டில் வைத்திருந்தால் நாற்று நடக் கற்றிருப்பேன். அதில் இழிவு ஒன்றுமில்லை. அதைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது என்பதுதான் சாதி.

எல்லா வீட்டையும் பள்ளியாக்கினால் என்ன நடக்கும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்புவரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2021 ஆகஸ்டில் பல மாநிலங்களின் ஏழைக் குடியிருப்புகளில் எடுக்கப்பட்ட 'ஸ்கூல்' என்ற ஆய்வில், ஊரகப் பிள்ளைகளில் ஆன்லைனில் தொடர்ந்து படித்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. தலித், பழங்குடிப் பிள்ளைகளில் அது 4 விழுக்காடு.

சரி, பள்ளி மட்டும் சாதியற்ற இடமா? இல்லை. இதைக் கேட்கும் தலித் பெற்றோரிடம் புள்ளிவிவரம் பேசி நகர்ந்துவிட முடியாது. என் மகளின் வகுப்பில் உதவித்தொகைக்காக "எஸ்.சி. பிள்ளைங்க எழுந்திரிங்க" என்றார் ஆசிரியர். "அப்படின்னா என்னம்மா?" என்று அவள் வீட்டில் வந்து கேட்ட இரவு, நாளையிலிருந்து அனுப்ப வேண்டாமா என்று நானும் என் இணையரும் வெகுநேரம் பேசினோம். அனுப்புவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில், தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் புகார் சொன்ன தலித் மாணவரையும் தடுக்க வந்த தங்கையையும் சக மாணவர்கள் வெட்டியது பள்ளியில் அல்ல, அவர்களின் வீட்டுக்குள். சாதிக்கு நம் வீட்டு முகவரி தெரியும். நம் பிள்ளை பள்ளியை விட்டு விலகினால் வகுப்பறை முழுவதும் அவர்களுடையதாகும். ஆதிக்கச் சாதிப் பிள்ளை வீட்டிலேயே படித்தால், தன்னைப் போல இல்லாத ஒருவரோடு ஒரே பெஞ்சில் உட்காராமலே அது வளர்ந்துவிடும். வெளியேற வேண்டியது சாதிதான், பிள்ளை அல்ல.

அதற்கான கருவிகள் நம் கையில் இருக்கின்றன. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் அமையும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம். அந்தக் குழுவில்தான் நான் எழுந்து பேசினேன். இப்போது உதவித்தொகை விவரம் எங்கள் பள்ளியில் பெற்றோரிடம் தனியாகத் தரப்படுகிறது. சின்ன மாற்றம்தான், ஆனால் அந்த வகுப்பில் எந்தப் பிள்ளையும் இனி சாதி சொல்லி எழுந்து நிற்க வேண்டியதில்லை.

கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். அவர்களுக்கு ஊதியத்தோடு அரைநாள் விடுப்போ, மாலைநேரக் கூட்டமோ வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். தினமும் நான்கு மணி நேரம் சொந்தப் பிள்ளைக்கு ஒதுக்க முடிகிற தோழர்கள், மாதத்தில் இரண்டு மணி நேரத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாம். உங்கள் தெருவிலிருக்கும் அரசுப் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லையென்றால், வரத் தயங்கும் ஒரு அம்மாவோடு பள்ளி வாசல்வரை துணைக்குப் போங்கள்.