ஏ.சி. அண்ணா சாலையில்... சாம்பல் எண்ணூரில்!

வெளியே 40 டிகிரி வெயில். உள்ளே 18 டிகிரி குளிர். கோடை வந்தால் சென்னையில் பல ஆபீசுகளில் இதுதான் நிலைமை. குமாஸ்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு பைல் பார்க்கிறார்!

இந்தக் குளிர் சும்மா வரவில்லை. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு சராசரியாக 700 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அதனால் பூமி சூடாகிறது. சூடு ஏறினால் மறுபடியும் ஏ.சி.! 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது.

எரித்த கரியின் சாம்பல் எங்கே போகிறது? எண்ணூர் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு போச்சு என்பது அவர்களின் நெடுநாள் புகார். ஏ.சி.யில் உட்காருவது ஒருவர். சாம்பலைத் தின்பது இன்னொருவரா?

2050-க்குள் கரியமில வாயுவைச் சரிக்கட்டும் நகரமாகச் சென்னையை மாற்ற 2023-ல் மாநகராட்சி திட்டம் வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அதுவரை காத்திருப்பானேன்?

ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்தால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கனப் பணியகம். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏ.சி.கள், போட்டதும் 24-ல் ஓடும்படிதான் வருகின்றன. அதை 18-க்கு இறக்குவது நம் விரல்தான்!

அடுத்தது மொட்டை மாடி. சித்திரைக்கு முன்பு மாடியில் சுண்ணாம்பு அடிப்பது நம்ம ஊர் பழைய வழக்கம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சூடு தணியும். இதையே 2023-ல் தெலுங்கானா கொள்கையாகக் கொண்டுவந்தது. அரசு, வணிகக் கட்டிடங்களுக்குக் குளிர்ச்சி தரும் கூரை கட்டாயம் என்றது.

இங்கே யார் முதலில் தொடங்குவது? கடைக்காரரும் குடித்தனக்காரரும் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏற்கனவே சிக்கனமாகத்தான் இருக்கிறார்கள். கோட்டை முதல் வார்டு ஆபீஸ் வரை அரசுக் கட்டிடங்கள் முதலில் வழிகாட்டட்டும். 24 டிகிரிக்கு ஓர் உத்தரவு, மாடிக்கு ஒரு பூச்சு. அடுத்த கோடைக்குள் செய்வார்களா?