விற்பதற்கு முன் ஒரு முறை

நம் சங்கத்தின் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், காபி குடிக்கும் நேரத்தில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "ரிடையர் ஆகிவிட்டது. இனி இங்கே நமக்கு என்ன? வீட்டை விற்றுவிட்டு நம்ம ஊர்ப் பக்கம் போய் செட்டிலாகிவிட வேண்டியதுதான்." இதைச் சொல்லாதவர் நம்மில் குறைவு. நானும் சொன்னவன்தான். சொன்னதோடு நில்லாமல், 2024 ஜனவரியில் ராமச்சந்திராபுரம் வீட்டுக்குத் தரகர் ஒருவரை வரவழைத்து விலையும் கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் சென்னைக்குப் போய் ஒரு சனி, ஞாயிறு தங்கிவிட்டு வந்ததும், அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் காரணத்தை எழுதுகிறேன்.

போய்ப் பார்த்தது என் முப்பது வருட நண்பரை. அவர் பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் இருந்தவர், நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். இரண்டு வீடும் ஒரே தெரு. 2018-ல் ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்று, மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனார். வழியனுப்பும்போது, "நீங்களும் பின்னாலேயே வந்துடுங்க" என்றார். அந்த வார்த்தை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நானும் மனைவியும் நாம்பள்ளியில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் காலை தாம்பரத்தில் இறங்கினோம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கம் நிலையத்தில் தமிழ்ப் பலகையைப் பார்த்தபோது மனம் குளிர்ந்தது. பேருந்து, கடை, சுவரொட்டி எல்லாம் தமிழ். நண்பர் வீட்டில் டிகிரி காபி, தெருமுனையில் கீரை வகை வகையாக. மாலையில் மின்சார ரயிலில் மாம்பலம் போனோம். 1931-லேயே மின்சார வண்டி ஓடிய பாதை அது. விழுப்புரம் பக்கத்துப் பையனாக நான் ஏறிய மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-ல் அந்தத் தடத்திலிருந்து விடைபெற்றன. இப்போது எல்லாம் அகலப்பாதை. தடத்தைப் பார்த்தபடியே போனேன்; தொழில் புத்தி!

ரங்கநாதன் தெருவில் வாழைப்பழம் வாங்க நின்றேன். சீப்பு ஒன்றைக் கையில் எடுத்து, "எந்த?" என்றேன். கடைக்காரர், "எந்தப் பழம் சார்? கையிலே இருக்கறதா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: நான் கேட்டது தெலுங்கு 'எந்த'. எவ்வளவு என்று விலை கேட்டிருக்கிறேன்! அவர் சிரித்துக்கொண்டே, "ஆந்திராவா சார்? தமிழ் நல்லாப் பேசறீங்களே!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. ராமச்சந்திராபுரம் காய்கறிக்கார அம்மாவுக்கு நான் 'அரவ சாரு'. மாம்பலத்தில் ஆந்திராக்காரர்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். முடிச்சூர் அடையாற்று வெள்ளத்தை நன்றாக அறிந்த ஊர். 2015 டிசம்பரில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் படித்திருப்போம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது மறுபடியும் தெருவில் வெள்ளம். நண்பரும் அவர் மனைவியும் இரண்டாவது மாடியில் மின்சாரமில்லாமல் இரண்டு நாள் இருந்திருக்கிறார்கள்.

"அப்போ வந்த முதல் போன் எது தெரியுமா? உங்க பக்கத்து வீட்டம்மாதான். 'அண்ணய்யா, பாகுன்னாரா?'ன்னு கேட்டாங்க. என் பொண்ணுகூட அப்புறம்தான் கூப்பிட்டா," என்றார் நண்பர்.

"இங்கே யாரும் வந்து பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"கீழ் வீட்டுப் பையன் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தான். ரொம்ப நல்ல பையன். இன்னைக்கு வரைக்கும் அவன் பேர் எனக்குத் தெரியாது, என் பேர் அவனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது வயசுக்கு மேலே புது ஊர்லே போய் மனுஷங்களைச் சேர்க்கறது கஷ்டம், சார். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வந்திருக்கணும், வித்திருக்கக் கூடாது."

விற்ற பணத்துக்கு இப்போது அதே தெருவில் பாதி வீடுகூட வராது. அவர் அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வெள்ளத்துக்காகச் சென்னையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தும் மிதந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீர் எங்கும் வரும். அந்த நேரத்தில் 'இந்த வீட்டில் இன்னார் இருக்கிறார்' என்று நினைத்துக் கதவைத் தட்ட ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் அன்றிரவு புரிந்தது. 'ஊருக்குப் போகிறோம்' என்கிறோமே, எந்த ஊருக்கு? என் கிராமத்து வீடு கைமாறிப் பல காலமாகிறது. நண்பர் பிறந்தது லால்குடிப் பக்கம். அவர் போனது லால்குடிக்கா? தாம்பரத்தின் ஒரு புறநகருக்கு. ஏதோ ஒரு நகரத்தின் ஓரத்தில் புதுக்குடி போவதைத்தான் நம்மில் பலர் 'ஊர் திரும்புதல்' என்று சொல்லிக்கொள்கிறோம். நாற்பது வருடம் முன்பு கையில் டிப்ளமோவுடன் செகந்திராபாத்தில் வந்திறங்கியபோதும் நான் புதுக்குடிதான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

திங்கள் காலை நாம்பள்ளியில் இறங்கி, எம்.எம்.டி.எஸ். வண்டியில் லிங்கம்பள்ளி வந்தோம். நிஜாம் காலத்தில், 1874-ல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்குப் போட்ட பாதை அது. அதில் நான் நடக்காத கிலோமீட்டர் கிடையாது. எந்த வளைவில் மழைக்கு மண் சரியும், எந்தப் பாலத்தடியில் ஓடை நிரம்பும் என்பது இன்றும் மனப்பாடம். ஆட்டோவில் பி.எச்.இ.எல். டவுன்ஷிப் மரங்களைக் கடந்தபோது, "வீட்டுக்கு வந்துட்டோம்" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். அவள் அப்படிச் சொன்னதை நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை.

இந்த ஊரில் நாம் சத்திரத்தில் தங்கியவர்கள் அல்ல. 1806-ல் செகந்திராபாத் கண்டோன்மெண்ட் உருவானபோதே மதராஸ் படையோடு தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்டன. பத்மாராவ் நகர் என்ற பெயரே ஒரு முதலியாரின் பெயர்தானே! அங்கே ஸ்கந்தகிரி முருகனுக்குக் காவடி எடுக்காத நம்மவர் உண்டா? 1960-களில் செக்கோஸ்லோவாக்கியா உதவியுடன் திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலையும் ராமச்சந்திராபுரத்தில் டர்பைன் தொழிற்சாலையும் எழுந்தன. அங்கே கொதிகலன், இங்கே டர்பைன்; இரண்டும் சேர்ந்தால்தான் மின்சாரம். அந்த நாளில் திருச்சி, சென்னைப் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே வேலைக்குப் போகிறார்கள். 2007-ல் மாநகராட்சியில் சேர்ந்தோம்; 2014-ல் மாநிலம் மாறியது; 2016-ல் மெதக் மாவட்டம் போய் சங்காரெட்டி வந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, முகவரிதான் மாறியது!

"எல்லாம் சரி, தமிழுக்காகவாவது போக வேண்டாமா?" என்று கேட்கலாம். என் மனதை மாற்றியதே இதுதான். வீட்டு வாசலில் ஏழு வயதுப் பேரன் ஓடிவந்து, "தாத்தா, வச்சேசாரா?" என்று தெலுங்கில் கேட்டான். தெருவில் அவனுக்குத் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், நண்பர்களிடம் ஹிந்தி. அப்பா அம்மாவிடமும் பாதி ஆங்கிலம். பாட்டியிடம் தோசை கேட்கவும், என்னிடம் கதை கேட்கவும்தான் அவனுக்குத் தமிழ் வேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகைகளில் தமிழைப் பார்த்து மகிழ நாங்கள் இருவரும் தாம்பரம் போய்விட்டால், அன்றே இந்த வீட்டில் தமிழ் நின்றுவிடும். நான் போவதால் சென்னைத் தமிழுக்கு ஒரு லாபமும் இல்லை. இந்த வீட்டுத் தமிழுக்கோ பெரிய நஷ்டம்.

யாருமே போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கே வயதான தாய் தந்தை உள்ளவர்கள், கூடப்பிறந்தவர்கள் அழைப்பவர்கள், இங்கே யாருமின்றித் தனித்துப்போனவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் விற்பதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் போய் மயங்கிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். மழையில் பார்க்காத பாதையை நம்பாதே என்பது எங்கள் துறைப் பாடம். பக்கத்தில் ஆஸ்பத்திரி எது, நடுராத்திரியில் உடன் வர ஆள் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை. அக்கரைக்குப் போனபின் திரும்பிப் பார்த்தால் இக்கரையும் பச்சைதான். ஆனால் அதற்குள் படகை விற்றிருப்போம்.

இருக்கிறவர்கள் சும்மா இருந்தாலும் போதாது. 'நம்ம ஊர் அங்கே' என்று சொல்லிச் சொல்லியே இங்கே பிறந்த பிள்ளைகளை எந்த ஊரும் இல்லாதவர்களாக ஆக்கியிருக்கிறோம். அதை நிறுத்துவோம். ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? பேரனுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறேன். 'ழ'வில் முட்டிக்கொண்டு நிற்கிறான், பரவாயில்லை. இனி ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு. அடுத்த தெருவிலிருந்து இரண்டு குழந்தைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பலகையும் சாக்குக்கட்டியும் வாங்கிவிட்டேன். உங்கள் பேரப்பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். கூடவே நீங்களும் வாருங்கள்.