களஞ்சியத்தின் வாயிலில் வலைப்பதிவர்

ஒரு மொழியினர் தாம் அறிந்தவற்றுள் எவற்றைப் பேணத்தக்கனவாகக் கருதினர் என்பதற்குக் கலைக்களஞ்சியமே சான்று. எவரைச் சேர்ப்பது, எவரை விடுப்பது என்னும் வினா அதனுடன் பிறந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெருமக்களின் வரலாற்றை அரபு மொழியில் அகரவரிசைப்படுத்திய இப்னு கல்லிகான், இறந்த ஆண்டு உறுதிப்பட்டவர்களையே தம் நூலுள் சேர்ப்பதென வரம்பு கட்டிக்கொண்டார். நம் மொழியில் 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணிக்கும், பெ. தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்திற்கும், தாளும் அச்சுச் செலவுமே ஓரளவு வரம்பு கட்டின.

2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியாவிற்குத் தாள் பற்றிய கவலை இல்லை. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். எனினும் அங்கும் ஒரு வாயிற்காவல் உண்டு. அதனைக் 'குறிப்பிடத்தக்கமை' என்பர். ஒருவரைப் பற்றி, அவரைச் சாராத நம்பகமான வெளியீடுகள் விரிவாக எழுதியிருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியது இதற்குச் சான்றாகாது.

இவ்விடத்தேதான் வலைப்பதிவர் இடர்ப்படுகிறார். அவர் எழுத்து முழுவதும் தாமே வெளியிட்டது. பல்லாயிரவர் படித்திருப்பினும், ஒரு நாளிதழோ நூலோ அவரைப் பற்றிப் பேசாத வரையில் களஞ்சியத்தின் கதவு திறவாது.

ஈராக்கு நாட்டு நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டுப் போரின்போது, பாக்தாது நகரிலிருந்து சலாம் பாக்சு என்னும் புனைபெயரில் ஓர் இளைஞர் வலைப்பதிவு எழுதி வந்தார். இலண்டன் கார்டியன் நாளிதழ் அவரைத் தேடிக் கண்டு தன் பக்கங்களில் எழுதச் செய்தது. அவ்வாண்டிலேயே அவர் எழுத்து நூலாகவும் வந்தது. அதே நகரிலிருந்து ரிவர்பெண்டு என்னும் பெயரில் எழுதிய பெண்ணின் பதிவுகளும் 2005இல் நூலாயின. இருவரும் ஆங்கிலத்தில் எழுதினர். அதனால் அயல்நாட்டுப் பதிப்புலகம் அவர்களைக் கண்டது. தம் தாய்மொழியில் மட்டும் எழுதுவோர்க்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

இக்குறை வலைப்பதிவர்க்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டு இயற்பியலறிஞர் டோனா சிட்ரிக்லாண்டு அவர்களைப் பற்றிய கட்டுரை வரைவொன்று, போதிய சான்று இல்லையெனக் கூறி, 2018 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் நோபல் பரிசு பெற்றார். தகுதி முன்னரே இருந்தது. அதனை எடுத்துரைத்த ஏடுகள்தாம் அருகியிருந்தன.

அங்ஙனமாயின் இவ்விதியை நீக்கிவிடலாமோ? கூடாது என்பதே நம் கருத்து. விதி நீங்கின் விளம்பரம் நுழையும். தம்மைத் தாமே புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் பெருகும். உயிரோடிருப்பவர் மீது ஆதாரமற்ற பழியும் ஏறும். சரிபார்க்க இயலாத செய்தி எத்துணை இனியதாயினும் அறிவாகாது. ஆனால், சான்று கிடைக்கவில்லை என்பது வேறு. சிறப்பு இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழை.

குறை களஞ்சியத்தில் மட்டும் இல்லை, நம்மிடத்தும் உள்ளது. தமிழில் வலைப்பதிவுகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டன. ஊர் வரலாறு, வட்டார வழக்கு, புலம்பெயர் வாழ்வு, கணித்தமிழ் நுட்பம் என அவற்றில் பதிவானவை பல. அவற்றை ஆய்ந்து எழுதிய அச்சு நூல்கள் எத்தனை? நாம் திறனாய்வு எழுதாது வாளாவிருந்துவிட்டு, களஞ்சியத்தில் இடமில்லை என வருந்துவது, விதையாத நிலத்தில் விளைச்சல் தேடுவதை ஒக்கும்.

காலமும் காத்திராது. ஜியோசிட்டிசு என்னும் இணையத் தளத்தை யாகூ நிறுவனம் 2009இல் மூடியபோது எண்ணற்ற தனியார் பக்கங்கள் மறைந்தன. வலைப்பதிவுகளுக்கும் அக்கதி நேரலாம்.

ஆதலின், தமிழ்த்துறை மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது இது: ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடுங்கால் ஒரு வலைப்பதிவரையும் எண்ணுங்கள். அவர் எழுதியதைத் தொகுத்து, பிறர் கூற்றோடு ஒப்பிட்டு, நிறையும் குறையும் நடுநிலையோடு எழுதுங்கள். ஆசிரியர்கள் அவற்றுள் தக்கவற்றை ஆய்விதழ்களில் அச்சேற்ற வழிகாட்டுக. ஊர்ப் பெரியோர் தாம் அறிந்த செய்திகளை உரைத்துப் பிழை களைய உதவுக. தகுதியற்றவரை உள்ளே புகுத்த நாம் முயல வேண்டா. தகுதியுடையார் ஒருவர், அவரைப் பற்றி எவரும் எழுதவில்லை என்னும் ஒரே காரணத்தால் வாயிலில் நின்றுவிடாமல் காத்தல் நம் கடனாகும்.