கார் டயரில் பட்டன் இருந்தா போதுமா? வயதைக் காட்டும் 4 இலக்க எண்!

கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இது ஆறுதல். ஆனால், எப்போது மாற்ற வேண்டும்?

"பட்டன் நல்லாத்தானே இருக்கு" என்பதுதான் பலரின் கணக்கு. சிக்கலே இங்கதான். அதிகம் ஓடாத காரில் பட்டன் தேயாது. ஆனால் வெயில் பட்டுப் பட்டு ரப்பர் இறுகி, விரிசல் விடும். அப்படிப்பட்ட டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் கார் கட்டுப்பாட்டை இழக்கும்.

வயதை எப்படிப் பார்ப்பது?

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. வெளிப்பக்கம் இல்லையென்றால் உட்பக்கம் பாருங்க. 5 ஆண்டு தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம். 10 ஆண்டு ஆகிவிட்டால், ஸ்டெப்னி உட்பட மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், வயது எதுவானாலும் உடனே மாற்ற வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுறீங்களா? புதியதைப் பின்பக்கம் போடச் சொல்லுங்க. மழையில் பின் சக்கரம் வழுக்கினால், காரைச் சமாளிப்பது கஷ்டம். கடையில் புது டயர் வாங்கும்போதும், பில் போடும் முன் அந்த 4 எண்ணைப் பார்த்துடுங்க.