பால்கனி அடுப்பும் ஜவ்வாது மலைப் புகையும்

விறகடுப்புன்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு ஒரு கிறக்கம் வந்துடுது. மண்சட்டி, புகை வாசம், தணல்ல சுட்ட கத்தரிக்காய், ஆஹா ஓஹோ! இந்தக் கிறக்கத்துல பாதிப்பேர் சனி ஞாயிறு ஆனா ஜவ்வாது மலைக்கு வண்டியை விடறாங்க. மீதிப்பேர் ஆன்லைன்ல ஒரு கரி அடுப்பை வரவழைச்சு, நாலடிக்கு எட்டடி பால்கனில வச்சு ஊதறாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. இன்னிக்கு சொல்லிடறேன்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன், பாதியில எழுந்து போறவங்களுக்கு வசதியா இருக்கும் :-) பால்கனியில சமைக்கிறதுக்கு நான் முழு ஆதரவு. பால்கனியில கரியும் விறகும் எரிக்கிறதுக்கு முழு எதிர்ப்பு. இது ரெண்டும் வேற வேற விஷயம். இதைக் குழப்பிக்கிட்டதாலதான் இத்தனை சண்டையும்.

ஜவ்வாது மலை தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துல பரவிக் கிடக்கு. ஜமுனாமரத்தூர்தான் மலைக்குத் தலைநகர் மாதிரி. பீமன் அருவி, கோமுட்டேரி படகு எல்லாம் சுற்றுலாக்காரங்களுக்குத் தெரியும். காவலூர்ல இருக்கற வைணு பாப்பு வானாய்வகம் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். இருட்டும் தெளிவான வானமும் வேணும்னுதான் அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சாங்க. மலையில வாழறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைப் பார்த்து கேரளான்னு நினைச்சுடாதீங்க, தமிழ் பேசற மலைவாசிகள். சாமை, தேன், புளி, பலா எல்லாம் அங்கிருந்து கீழ வருது.

மலை ஊர்ல அடுப்பு எரியறதைக் கவனிச்சுப் பார்த்தா ஒண்ணு புரியும். அது பாட்டுக்கு அடுப்பு மட்டும் இல்ல. அடுப்பைச் சுத்தி ஒரு வாசல் இருக்கு. வாசலைச் சுத்தி வெட்டவெளி இருக்கு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து கல்லைத் திருப்பி வைக்க இடம் இருக்கு. புகை கிளம்பினா போய்ச் சேர வானம் இருக்கு. சாம்பலைக் கொட்ட குப்பைக்குழி இருக்கு, அது அப்புறம் வயலுக்குப் போகுது. பக்கத்து வீடு அங்க தள்ளி இருக்கு. வெளில சமைக்கிறதுன்னா இந்த மொத்த ஏற்பாடும்தான். நாம அதுல இருந்து கல்லையும் நெருப்பையும் மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டு வந்து மூணாவது மாடியில வைக்கிறோம்.

புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்துல இருந்து வர்ற வில்லேஜ் குக்கிங் சேனலைப் பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. 2021-ல ஒரு கோடி சந்தாதாரர் தாண்டின கூட்டம். அந்தத் தாத்தாவையும் பிரியாணி அண்டாவையும் விட்டுட்டு, அடுத்த தடவை அவங்க முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க. கண்ணுக்கெட்டின தூரம் வயலும் மரமும். அந்த வெட்டவெளிதான் அந்தச் சமையலோட முக்கியமான சாமான். அதை ஆன்லைன்ல விக்க மாட்டாங்க.

இப்ப பால்கனிக்கு வருவோம். மூணு பக்கம் சுவர், மேல கூரை, முன்னாடி கம்பி. புறாவுக்குப் பயந்து வலை, மழைக்குப் பயந்து கண்ணாடி. இதை வெளின்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். இதுல கரி அடுப்பு எரிஞ்சா என்ன ஆகும்?

முதல் விஷயம் புகை. சூடான காத்து மேலதான் போகும். உங்க பால்கனிக்கு மேல இருக்கறது வானம் இல்ல, அடுத்த வீட்டுப் பால்கனி. அங்க துணி காயுது. உள்ள ஒரு குழந்தை தூங்குது, இல்ல ஒரு பெரியவர் இன்ஹேலரும் கையுமா உட்கார்ந்திருக்கார். உங்க சிக்கன் டிக்கா அவருக்கு ராத்திரி பூரா இருமல்.

ரெண்டாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாதது, அதனாலேயே இன்னும் மோசமானது. கரி முழுசா எரியாதப்போ கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, தலைசுத்தல், வாந்தி. வெயில் ஒத்துக்கலன்னு நினைச்சுப் படுத்தா எழுந்திருக்காமலே போகலாம். "நாங்கதான் புகை அடங்கினதும் அடுப்பை உள்ள எடுத்து வச்சுடறோமே"ன்னு சொல்றவங்க இதைத்தான் கவனிக்கணும். புகை நின்னாலும் தணல் இருக்கற வரைக்கும் அந்த வாயு வந்துக்கிட்டேதான் இருக்கும். குளிருக்கு இதமா இருக்குன்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுத் தூங்கி உயிர்விட்டவங்க கதை ஒவ்வொரு குளிர்காலமும் வட இந்தியாவுல இருந்து செய்தியா வந்துக்கிட்டே இருக்கு.

மூணாவது, சாம்பல். மேல வெள்ளையா பூத்திருக்கும், உள்ள கங்கு மணிக்கணக்கா உயிரோட இருக்கும். அதை பிளாஸ்டிக் பையில கட்டி குப்பைத்தொட்டில போட்டா அடுத்தது தீயணைப்பு வண்டிதான்.

சரி, கரி வேணாம், கேஸ் வச்சுக்கறேன்னு சொல்றீங்களா? எல்பிஜி காத்தை விட கனம். கசிஞ்சா மேல பறந்து போகாது, தரையிலயே தேங்கும், பள்ளம் தேடி ஓடும். பால்கனி காத்துல தீ அணைஞ்சு போனா, தானா வாயுவை நிறுத்தற பாதுகாப்பு வால்வு எல்லா அடுப்புலயும் இருக்காது. வெயில்ல காயற இடத்துல சிலிண்டரை வைக்கக்கூடாதுங்கறதும் நமக்கு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததுதான்.

இதெல்லாம் நானா கற்பனை பண்ணிப் பயமுறுத்தல. பார்பிக்யூவை ஒரு மதமாவே வச்சிருக்கற அமெரிக்காவுல, தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தோட விதிநூல் என்ன சொல்லுது தெரியுமா? ஒண்ணு ரெண்டு குடும்பம் இருக்கற தனிவீடுகளைத் தவிர மத்த குடியிருப்புகள்ல பால்கனிலயோ, கட்டடத்துல இருந்து 10 அடிக்குள்ளயோ கிரில் அடுப்பு மூட்டக்கூடாது. சிங்கப்பூர்ல அடுக்குமாடியில வாழற நம்ம தமிழ் ஜனங்க ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுல முன்பதிவு பண்ணி, அங்க இருக்கற பொது அடுப்புல குடும்பத்தோட சுட்டுச் சாப்பிடறாங்க. ஆசையை யாரும் தடுக்கல. இடத்தை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

இப்ப எனக்கு நிஜமாவே உறுத்தற விஷயத்துக்கு வர்றேன்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வீட்டுச் சமையல் புகையால 2020-ல மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்காங்க. உலகம் முழுக்க சுமார் 210 கோடிப் பேர் இன்னமும் விறகு, கரி, வறட்டி, மண்ணெண்ணெய்னு எரிச்சுத்தான் சமைக்கிறாங்க. அதுல நம்ம நாட்டு மலை கிராமங்களும் அடக்கம். தமிழ்நாட்டுல 2007-ல இலவச கேஸ் அடுப்புத் திட்டம் வந்தது. 2016-ல மத்திய அரசோட உஜ்வலா வந்தது. நிறைய வீட்டுக்கு சிலிண்டர் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனா நாடு முழுக்க சிலிண்டர் இருக்கற வீட்டுலயே விறகும் கூடவே எரியுது. காரணம் ருசி இல்லீங்க. மறுபடி நிரப்பற காசு, தூக்கிட்டு வர்ற தூரம்.

மலையில இருக்கற ஒரு அக்கா, கண்ணெரிச்சல்லயும் இருமல்லயும் இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாம மாசத்தவணையில வீடு வாங்கி, அதுல காசு குடுத்துப் புகையை உள்ள கொண்டு வர்றோம். அவங்களுக்கு வேற வழி இல்லாததை நாம "பாரம்பரியம்"னு பேர் வச்சுக் கொண்டாடறோம். இதுல ஏதோ ஒண்ணு சரியில்லன்னு உங்களுக்குத் தோணலையா?

மலைக்கே போய்ச் சமைக்கற கூட்டத்துக்கும் இதே கேள்விதான். ரோட்டோரம் மூணு கல்லு, ஒரு சிக்கன், நாலு பேர் பாட்டு. காப்புக்காட்டுல தீ மூட்டறது 1882-ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கோடைக்காலத்துல காய்ஞ்ச புல்லுல தீ எவ்வளவு வேகமா ஓடும்னு 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில பார்த்தோம். மலையேறப் போனவங்கள்ல இருபது பேருக்கு மேல கருகிப்போனாங்க. நீங்க அரைகுறையா அணைச்சுட்டு வந்த அடுப்பு, நீங்க வீட்டுக்கு வந்து குளிச்சுட்டுத் தூங்கற நேரத்துல யாரோட சாமைக் காட்டை எரிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அவ்வளவு ஆசையா இருந்தா ஜமுனாமரத்தூர்ல சாப்பாட்டுக்கடையில சாப்பிடுங்க. காசு மலையிலயே நிக்கும்.

"என் பால்கனி, என் காசு, என் அடுப்பு"ன்னு ஒரு வாதம் வரும், தெரியும். தரை உங்களுதுதான், ஒத்துக்கறேன். புகை யாருது? உங்க கம்பியைத் தாண்டின அடுத்த நொடி அது ஊர்ச்சொத்து ஆயிடுதே. பக்கத்து வீட்டு டீவி சத்தத்துக்கு அசோசியேஷன்ல புகார் குடுக்கறவங்கதான் நாம எல்லாரும், மறந்துடாதீங்க.

அதே நேரம் இன்னொரு கோஷ்டியையும் நான் ஏத்துக்க மாட்டேன். சில அடுக்குமாடிகள்ல பால்கனில வடகம் காயப்போடக்கூடாது, இட்லி குண்டான் வைக்கக்கூடாது, ஸ்டூல் போட்டு உட்காரக்கூடாதுன்னு சுற்றறிக்கை விடறாங்க. கட்டடத்தோட அழகு கெட்டுடுமாம்! வீடுங்கறது மனுஷங்க இருக்கத்தான், போட்டோ எடுக்க இல்ல. சென்னையோட மே மாசத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் கூட இல்லாத சமையலறையில நின்னு வேகறவங்க, சாயங்காலக் காத்துல நாலு தோசை ஊத்தணும்னு ஆசைப்படறது பாவமா என்ன?

அதனால என் யோசனை இதுதான்:

1. பால்கனில இண்டக்‌ஷன் அடுப்பு. தீ இல்ல, புகை இல்ல, காத்துல அணையாது. ஆனா பிளக்கைப் பாருங்க. பால்கனியில பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக்தான் இருக்கும், அது 1,380 வாட் வரைக்கும்தான் தாங்கும். 2,000 வாட் அடுப்பை அதுல முழு வேகத்துல ஓட்டினா பிளக் உருகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக்குங்க, இல்ல 1,200 வாட்டுக்கு மேல போகாதீங்க. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேணவே வேணாம். மழைச்சாரல் அடிச்சா உள்ள ஓடிடுங்க.

2. தாளிப்பு, மீன் வறுவல் எல்லாம் உள்ளயே. பால்கனிக்கு வேக வைக்கிறது, சுண்ட வைக்கிறது, தோசை, டீ.

3. பொங்கலுக்கு நிஜமாவே தீ வேணும், பானை பொங்கணும், சூரியன் தெரியணும். நியாயம். அதுக்கு மொட்டை மாடியையோ கீழ் வாசலையோ அசோசியேஷன் ஒழுங்குபடுத்திக் குடுக்கட்டும். செங்கல் அடுப்பு, ஒரு டிரம் தண்ணி, ஒரு வாளி மணல், பொறுப்பா ஒரு ஆள். திருவனந்தபுரத்துல ஆற்றுகால் பொங்கலுக்கு லட்சக்கணக்கான பெண்கள் ரோட்டுலயே செங்கல் அடுப்பு வச்சுப் பொங்கறாங்க. ஒரு ஊரே ஏற்பாடு பண்ண முடியும்னா நாப்பது வீடு பண்ண முடியாதா?

4. புகை வாசம் இல்லாம உயிரே போயிடும்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவை அதே மொட்டை மாடியில எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் செய்யுங்க. மேல் வீட்டுப் பெரியவருக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. அவருக்கும் ஒரு தட்டு அனுப்புங்க.

மலை நமக்குச் சொல்லிக் குடுக்கறது விறகை இல்ல. புகை எங்க போய்ச் சேரும்னு பார்த்துட்டு அப்புறம் அடுப்பு மூட்டற பழக்கத்தை. அதை மட்டும் கீழ எடுத்துட்டு வந்தா போதும்.

டிஸ்கி: ஜவ்வாது மலைச் சாமையை மலையிலயே வாங்கிட்டு வாங்க, பால்கனி சமையலுக்கு அதைவிட நல்ல தானியம் இல்ல. ஒரு டம்ளர் சாமையைக் கழுவி அரை மணி ஊற வைங்க. ரெண்டரை டம்ளர் தண்ணி கொதிச்சதும் உப்போட போட்டு, குறைஞ்ச சூட்டுல மூடி வைங்க. சுமார் பதினஞ்சு நிமிஷத்துல உதிரியா வெந்துடும். இறக்கி அஞ்சு நிமிஷம் மூடியே விட்டுட்டு, தயிரோ புளிக்குழம்போ ஊத்திக்கிட்டு காத்தாட உட்காருங்க. புகை இல்லாமலே ருசிக்கும், சத்தியமா!