தொண்டைக்கு இதம், மாத்திரைக்குத் தடை

தொண்டை கரகரத்தால் அமெரிக்கர்கள் சிலர் தேடுவது ஒரு மரப்பட்டையை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஸ்லிப்பரி எல்ம் மரத்தின் உள்பட்டை அது. பழங்குடியினரின் பழைய கைவைத்தியம். பொடித்து வெந்நீரில் கலந்தால் வெண்டைக்காய் போலக் கொழகொழக்கும். அந்தக் கொழகொழப்பு தொண்டையில் படிந்து எரிச்சலைத் தணிக்கிறது. வயிற்றுப் புண்ணுக்கும் குடிக்கிறார்கள். ஆனால் குணமாகும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

சிக்கலும் அதே கொழகொழப்பில்தான். கூடவே விழுங்கும் மாத்திரை உடலில் சேருவதை அது தாமதப்படுத்தலாம். 2 மணி நேர இடைவெளி விடுவது நல்லது. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே உத்தமம். ஒரு காலத்தில் பட்டைத் துண்டுகளைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திப் பெண்கள் ஆபத்தில் சிக்கியதுண்டு.

கரகரப்பு நீடித்தால்? பட்டையை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.