திறப்பு விழாவோடு முடிந்துவிடுமா?

தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நாற்றம் இல்லை. ஆகவே குடிக்கலாம். கிராமங்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது தவறு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அது 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அளவு மிக அதிகமாகி, ஆண்டுக் கணக்கில் குடித்தால் எலும்பும் கெடும்.

காய்ச்சினால் போகுமா? போகாது! தண்ணீர் சுண்டச் சுண்ட, புளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆறு எட்டாத ஊர்

அந்த வட்டாரத்துக்குக் காவிரி நீரைக் கொடுக்க, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. ஆற்று நீர் எட்டும் ஊருக்கு அதுவே நல்ல வழி. எட்டாத ஊர் என்ன செய்யும்?

அங்கேதான் ஆர்.ஓ. இயந்திரம் உதவுகிறது. அதன் உயிர், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு. தண்ணீரை அழுத்தி அதில் செலுத்தினால், நல்ல நீர் மறுபக்கம் போகும். உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடும்.

இந்தச் சவ்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்கரான சிட்னி லோப். மற்றவர் இந்தியரான சீனிவாச சௌரிராஜன். கலிபோர்னியாவில் உள்ள கோலிங்கா என்ற சிற்றூரில் 1965-ல் இத்தகைய இயந்திரம் ஓடியது. தினம் சுமார் 5 ஆயிரம் காலன் நல்ல நீர் கிடைத்தது.

பூட்டிய கதவு

இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இந்த இயந்திரம் இருக்கிறது. நாடா வெட்டி, மாலை போட்டுத் திறக்கிறார்கள். பிறகு? சவ்வில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது. மாற்றப் பணம் இல்லை. பழுது பார்க்க ஆள் இல்லை. கதவைப் பூட்டிவிட்டால், பெண்கள் பழைய குழாயடிக்கே குடத்தைத் தூக்க வேண்டியதுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உள்ளூர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். குடத்துக்கு வாங்கும் காசில் ஒரு பங்கைச் சவ்வு மாற்றுவதற்கென்றே சேர்த்துவைக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். தண்ணீரை அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இயந்திரம் கழிக்கும் நீரிலும் கவனம் தேவை. அதில் உப்பு மிகுதி. கிணற்றோரம் விட்டால், பிரித்த உப்பு மறுபடியும் கிணற்றுக்கே போய்ச் சேரும்!

இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, அதைப் பராமரிக்கவும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் திறப்பு விழாவுக்குச் செலவழித்த பணமும் வீண்தான்.